எழுந்து போகாத குரல்

பெரணிச் செடி வளர்ப்போரின் இணையக் குழுவில், வாய் திறக்காத உறுப்பினர்களைப் பேச வைக்க ஒரு செயற்கைக் குரலை அமர்த்தியிருந்தார்கள். என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத என் மனைவி நாச்சியார், அதனோடு மாலை முழுக்கச் சிரித்துப் பேசினாள். அப்படி அவளிடம் அது என்னதான் கேட்கிறது என்ற பொறாமையில் நானும் குழுவில் சேர்ந்தேன்.

"உங்க செடி எப்படியிருக்கு? மெதுவா சொல்லுங்க, இருக்கேன்" என்றது.

வீம்புக்கு நான் பேசவில்லை. அதற்குச் சலித்துப் போய்விடும் என்று நினைத்தேன். காபி ஆறியது, வெயில் இறங்கியது. அது போகவில்லை.

பெரணிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த நாச்சியார் திரும்பிப் பார்த்தாள்.

"நானும் மொதல்ல ஒரு வாரம் பேசல. அது உங்கள மாதிரி எந்திரிச்சுப் போயிடல."

எழப்போன நான் அப்படியே உட்கார்ந்தேன்.