பன்னிரண்டு லாரிக்கும் புகை பூஜ்யம்

அம்மாவின் பன்னிரண்டு லாரிகளிலும் புகையை அளக்கும் பெட்டியை ரொலாண்டோ மாட்டினான். எந்த லாரி எவ்வளவு புகை கக்குகிறது என்பது நேராக அவன் செல்போனுக்கு வந்துவிடும்.

"பூமித்தாய்க்குப் பீர் ஊத்தாம புதுச் சாமான் எதையும் ரோட்டுல இறக்கக் கூடாதுடா," என்றாள் அம்மா யூசேபியா. பொலிவியாவின் எல் ஆல்டோ நகரில் டாக்சிக்காரன்கூட அதை மீற மாட்டான்.

"எந்தக் காலத்துலம்மா இருக்கே? இனிமே பூமியக் கம்ப்யூட்டர் பாத்துக்கும்!"

அம்மா லாரிகள் நிற்கும் பக்கம் நடந்தாள்.

ஒரு மாதம் முழுக்கப் பன்னிரண்டு லாரிக்கும் புகை பூஜ்யம் என்றது செல்போன். லா பாஸில் மேடை போட்டு, 'பசுமை நிறுவனம்' என்று கோப்பை கொடுத்தார்கள். ரொலாண்டோ டிஜிட்டல் மகிமையை அரைமணி நேரம் அளந்துவிட்டு இறங்கினான்.

வாசலில் அவர்களுடைய லாரி ஒன்று உறுமிக்கொண்டு கிளம்பியது. முகத்தில் அப்பிய கரியைத் துடைத்தபடியே, "பாத்தியாம்மா? பூஜ்யம்!" என்றான்.

அம்மா கோப்பையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீ வேணாம்னா நான் விட்டுருவேனா? மாட்டின அன்னைக்கே ஒவ்வொரு பெட்டியாத் திறந்து, உள்ள முழு பாட்டில் பீர் ஊத்திட்டேன். பூமித்தாய் வஞ்சகம் பண்ணலடா!"