ரொம்ப ருசியாம்!

"என்னங்க இது, சேமியா மேல மரத்தூளைக் கொட்டின மாதிரி இருக்கு!" தட்டைப் பார்த்ததும் தாமரை தமிழில் முணுமுணுத்தாள்.

உமாபதிக்குப் பகீரென்றது. சவுதியின் அல் கோபாருக்கு வந்தபின், ஆபீஸில் கூட வேலை பார்க்கும் இத்தாலியர் வீட்டில் முதல் விருந்து!

"மிஸஸ் என்ன சொல்றாங்க?" ஆங்கிலத்தில் ஆவலாகக் கேட்டாள் வீட்டுக்காரி கார்மேலா.

"ரொம்ப ருசியாம்!" என்று சமாளித்தார்.

கார்மேலாவின் முகம் வாடிவிட்டது.

"அவ்வளவுதானா? இன்னைக்கு செயின்ட் ஜோசப் திருநாள். அவர் தச்சர் இல்லையா? அதான் ரொட்டியை வறுத்துப் பொடிச்சுத் தூவினேன். இந்த ஊர்ல சர்ச் கிடையாது; இந்தத் தட்டுதான் எங்களுக்குத் திருவிழா. பார்த்தா மரத்தூள் மாதிரி தெரியலையா?"

உமாபதி மனைவி பக்கம் குனிந்தார்.

"தாமரை, முதல்ல சொன்னதை இன்னொரு தடவை சொல்லு. இப்ப ஒழுங்கா மொழிபெயர்க்கறேன்!"