ஜன்னல் வழியே குடிபுகுந்த யானை

மழைக்கு முன் யானைக்கு வீடு கட்டித் தருவதாக நரி ஒப்புக்கொண்டது. யானை கேட்ட வரிசைப்படி ஜன்னலுக்கு ஒன்று, வாசலுக்கு இரண்டு என்று எண் வைத்து, வீட்டைக் கட்டப்போகும் கறையான்களிடம் நரி சொன்னது.

பிறகு, "வாசல்தானே முதல்ல வரணும்!" என்று வாசலுக்கு ஒன்று, ஜன்னலுக்கு இரண்டு என எண்களை ஒரே மூச்சில் மாற்றியது நரி. கறையான்களிடம் சொல்ல மறந்துபோனது.

மறுநாள், "ஒண்ணாம் நம்பர் பெரிசா இருக்கட்டும். ரெண்டாம் நம்பர் முறத்தளவு போதும்," என்றது. கறையான்கள் தங்களுக்குத் தெரிந்த பழைய எண்படியே கட்டின.

குடிபுக வந்த யானையின் தும்பிக்கை மட்டுமே வாசலுக்குள் போனது. நரி ஓடப் பார்த்தது. யானையோ சுற்றிப்போய், ஜன்னல் வழியாக நுழைந்து, "நல்லா காத்து வருது!" என்று படுத்துக்கொண்டது.

நரிக்கு உயிர் வந்தது. "இனிமே ஜன்னலுக்குப் பேரு வாசல்!" என்று கூவியது.

"இந்தத் தடவை எங்ககிட்டயும் சொன்னீங்களே, சந்தோஷம்ணே!" என்றன கறையான்கள்.