சுற்றிலும் பசை

கல்லறை வாசலை மூடும் அட்டைக் கல்லின் ஒரு ஓரத்தில் மட்டும் பசை தடவச் சொல்லியிருந்தாள் ஷெர்லி டீச்சர். அப்போதுதான் சார்ட் அட்டையில் செய்த ஏசுவின் கல்லறை கதவுபோலத் திறக்கும். உள்ளே வெறும் வெள்ளைத் துணி தெரியும். ஈஸ்டருக்கு வகுப்புச் சுவர் முழுக்க அவற்றை ஒட்டுவதாக ஏற்பாடு. பவுலின் மட்டும் கல்லைச் சுற்றிலும் பசையை அப்பியிருந்தாள். முந்தாநாள் தகப்பனைப் புதைத்த பிள்ளை என்று டீச்சரும் பேசாமல் இருந்தாள். ஆனால் பக்கத்துப் பெண் அதை நகத்தால் நெம்பியபோது, பவுலின் கத்தரிக்கோலை அவள் புறங்கையில் குத்தி இறக்கிவிட்டாள்.

அலறியவளை ஆயாவோடு அனுப்பிவிட்டு வந்த டீச்சர், ஆத்திரத்தில் அந்தக் கல்லைப் பிடித்து இழுத்தாள். பவுலின் பாய்ந்து அவள் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் வந்தும் விடவில்லை. அதற்குள் அட்டை பாதி கிழிந்திருந்தது. உள்ளே அவள் வரைந்திருந்த, கைலி கட்டிய ஓர் ஆள் படுத்திருந்தான். முஷ்டியில் பெல்ட்டைச் சுற்றியிருந்தான். கண்கள் திறந்திருந்தன.

"யாருடி இது?"

பவுலின் வாயை எடுத்தாள். "எங்கப்பா. செத்தவங்க மூணாம் நாளு எந்திரிச்சுருவாங்கன்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க. இன்னிக்கு மூணாம் நாளு. அம்மா வீட்ல தனியா இருக்கு."

டீச்சர் ரத்தத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். மேசையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்தாள். கிழிசலைச் சேர்த்துப் பிடித்துக் கல்லைச் சுற்றி அடிக்கத் தொடங்கினாள்.

"இந்தப் பக்கமும் ஒண்ணு" என்றாள் பவுலின்.