பசுவுக்குப் போர்த்திய பொன்னாடை

திருக்காட்டுப்பள்ளியில் நீலாம்பாளின் மாட்டுக்கொட்டகை. கீற்று ஓட்டைகளின் வழியே சாய்வெயில் பசுவின் முதுகில் புள்ளி வைக்கிறது. அதன் கழுத்தில் பொன்னாடை. குளோனிங் விஞ்ஞானி சற்றுமுன் போர்த்தியது. பரிசு வாங்கிய காளை ஒன்றின் நகலை இந்தப் பசு வயிற்றில் சுமக்க வேண்டுமாம். "உலகமே உங்க கொட்டகையைத் திரும்பிப் பார்க்கும்மா," என்கிறார், ஈ விரட்டிக்கொண்டே. நீலாம்பாள் சாணிக்கையை இடுப்பில் ஊன்றுகிறாள். "முன்னாடி சுமந்த மாடெல்லாம் எப்படி இருக்குங்க?" "பலதுக்குக் கலைஞ்சிடுச்சு. ரெண்டு தவறிடுச்சு. ஆராய்ச்சிக்கு அதுவும் ஒரு பங்களிப்புதான்." பசு பொன்னாடையின் சரிகையை மெல்லத் தொடங்குகிறது. நீலாம்பாள் அதை உருவி, எச்சில் ஒழுக அவர் தோளிலேயே போர்த்துகிறாள். "பெருமை உங்களோடது, நீங்களே வச்சிக்குங்க. வயிறு இதோடது. வழி விடுங்க, தண்ணி காட்டணும்."