வளையத்தில் ஒரு புடைப்பு

கருந்துளைக்குப் பின்னாலிருந்து வரும் ஒளி வளைந்து, அதைச் சுற்றி ஒரு வளையமாகத் தெரியும். கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள் பக்கத்தில் திரண்டிருந்தால் அந்த வளையம் ஓரிடத்தில் லேசாகப் புடைத்திருக்கும். வானியல் ஆய்வகத்தில் செங்கமலமும் இருதயராஜும் பல வருடங்களாகத் தேடிய அந்தப் புடைப்பு அன்று காலை அவள் திரையில் இருந்தது. இருதயராஜ் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னார். அவள் கான்டீனில் எல்லோருக்கும் காபி வாங்கிக்கொடுத்தாள்.

மதியம் மறுபடி கணக்குப் போட்டபோது, ஒளி வரும் வழியில் இருந்த ஒரு நட்சத்திரக் கூட்டத்தைச் சேர்க்க விட்டுப்போனது தெரிந்தது. புடைப்புக்கு அதுவே போதும். கரும்பொருளுக்கு அங்கே வேலையில்லை.

அவள் போய்ச் சொன்னதும் இருதயராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காலையிலயே தெரிஞ்சுது. கொஞ்ச நேரமாவது சந்தோஷமா இருங்கன்னு விட்டுட்டேன்."

கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"போன வருஷம் உங்களுக்கு இதே மாதிரி ஒண்ணு கிடைச்சப்போ நானும் அப்படித்தான் விட்டேன்."

"அந்தத் தப்பைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சே."

"ஆமா. வீட்டுல எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஊட்டிக்குப் போனீங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த படத்தைத் திறந்தார்.