கதவோரத்துப் பாய்

தேயிலைத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு, வீட்டுக்குள் வந்து சட்டைப்பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்ததுமே அம்மாக்கண்ணு எழுந்து நின்றுவிட்டாள். அந்தப் புத்தகத்தில் பேர் ஏறினால் நல்லது எதுவும் நடந்ததாக அந்தத் தோட்டத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

வருகிற மாதம் அவளுக்கு அறுபது முடிகிறது. கொழுந்துக்கூடையை இறக்கி வைக்க வேண்டியதுதான். வீட்டில் ஒருவராவது தோட்ட வேலைக்குப் பேர் பதிந்திருந்தால்தான் லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கும் காம்பரா தங்கும் என்று, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லோரையும் நிற்க வைத்துக் கத்தியவர் இதே கண்டாக்குதான்.

"கொழும்பு கொழும்புன்னு ஓடுன பயலுகளக் கூப்பிட்டு பேர் பதிய வைங்க. இல்லாட்டி காம்பராவ விட்டுட்டுப் போங்க! எம் மகனும் எளவட்டந்தான், இந்த மலைய விட்டு எங்கயாச்சும் போனானா?"

அம்மாக்கண்ணுவின் ஒரே மகன் கிஷாந்த், ஓடிய பயல்களில் ஒருத்தன். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ரூம், புறக்கோட்டையில் ஃபோன் கடை வேலை. திரும்பி வருகிற பேச்சுக்கே இடமில்லை. "அங்க வந்தா நானும் கண்டாக்குக்கு 'ஏய்'தானேம்மா. இங்க கடைக்கு வர்றவங்க தம்பின்னு கூப்பிடுறாங்க" என்று போன வாரம்தான் ஃபோனில் சொல்லியிருந்தான்.

"உக்காருங்க அம்மாக்கண்ணு, ஏன் நிக்கிறீங்க?" என்றார் கண்டாக்கு.

அவளுக்குப் பயம் இரட்டிப்பானது. இருபது வருஷமாக 'ஏய்' என்று கூப்பிட்ட வாய் இன்றைக்கு 'ங்க' போடுகிறது. வெட்டப்போகிற கிடாய்க்குத்தானே மாலை போடுவார்கள்! பைக்கைக்கூடக் கோயிலடியில் நிறுத்திவிட்டு, தேயிலைக்குள் புகுந்து பின்பக்கமாக நடந்து வந்திருந்தார். வீட்டில் பேர் பதிய ஆள் இல்லாததைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் இந்த வேலை என்று நினைத்துக்கொண்டாள்.

"தம்பி எப்ப வர்றாரு?"

"தீவாளியோட வந்திருவான் ஐயா" என்று துணிந்து ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள். "வந்ததும் பேர் பதிஞ்சிருவான். கொழும்பே வேணாம்னு முடிவு பண்ணிட்டான்."

"நெசமாவா?" கண்டாக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன், அங்க என்ன கொறை?"

நம்பவில்லை போலிருக்கிறது. நம்ப வைத்தாக வேண்டுமே! மகன் ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளாத விஷயங்களையெல்லாம் அவள் அவனுக்காக அலுத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

"ஒரு ரூம்ல ஆறு பேருங்க ஐயா. கட்டில் கெடையாது, பாய்தான். காலையில கக்கூசுக்கு வரிசை. ஒரே வேக்காடு. இருக்கிறது ஒரு ஃபேனு, அதுவும் கதவோரத்துல படுக்கிறவனுக்கு மட்டுந்தான் வீசுமாம்."

கண்டாக்கு மளமளவென்று எழுதினார். "தம்பி எந்தப் பக்கம் படுக்கிறாரு?"

"கதவோரத்துலதான்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கட்டி வைத்த கதையைத் தானே கெடுத்துக்கொண்டாளே!

"ரூம்கார அம்மா எப்படி?"

"அத ஏன் கேக்கிறீங்க! பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிருவாங்க. சிகரட்டு வாடை வந்தா பெட்டிய வெளிய வச்சிருவாங்களாம்."

"நல்லதுதான்" என்று முணுமுணுத்தபடி அதையும் எழுதிக்கொண்டார்.

அம்மாக்கண்ணுவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"ஐயா, என்னைய எழுதிறாதீங்க. எம் புருசன் வீரய்யா கண்ண மூடுனதும் இந்த வீட்டுலதான், இந்தப் பையன நான் பெத்ததும் இந்த வீட்டுலதான். காம்பராவப் புடுங்கிட்டா இந்த வயசுல நான் எங்கங்க போவேன்?"

"அட, காம்பராவ இப்ப யாரு கேட்டா?" கண்டாக்கு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பக்கத்துக் காம்பராவில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தம்பி வர்றது உறுதிதானே?"

தப்பித்தோம் என்று அவளுக்கு மூச்சு வந்தது. இன்னும் ஒரே ஒரு பொய்தான். சுவரில் இருந்த மாரியம்மன் படத்துக்கு நேராகக் கையை நீட்டினாள்.

"சத்தியமா வந்திருவான் ஐயா!"

கண்டாக்கு நோட்டுப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார். காலையில் பெரட்டையே அதிர வைத்த அந்தக் குரல், கெஞ்சுகிற மாதிரி வந்தது.

"அப்ப அந்தக் கதவோரத்துப் பாயை எங்க மகனுக்குச் சொல்லி வச்சிருங்க."